வாணலியில் ஏறுவதும் வயிற்றில் சேர்வதும்

நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. நூறு கிராம் சோற்றில் 130. இந்த இரண்டு எண்களில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டதால் என் சித்தி ஒரு மாதம் அரைவயிற்றோடு இருந்தார். சர்க்கரை வந்த புதிது. மதியச் சோற்றுக்கு 260 கலோரி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சித்தி தராசு வாங்கினார், கைபேசியில் அரிசியின் கலோரியைத் தேடினார், வகுத்துப் பார்த்தார். 75 கிராம் என்று விடை வந்தது. அன்றிலிருந்து வெந்த சோற்றில் 75 கிராமை நிறுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். அவருக்கு உரியது 200 கிராம். சாயங்காலமானால் கை நடுங்குகிறது என்று அவர் சொன்னபோதுதான் தராசையும் தட்டையும் பார்த்தேன்.

அரிசியிலிருந்து எதுவும் தொலைந்துவிடவில்லை. 100 கிராம் அரிசி உலையில் தண்ணீரைக் குடித்து 270 கிராம் சோறாகிறது. அதே 350 கலோரி இப்போது 270 கிராமில் பரவிக் கிடக்கிறது. அவ்வளவுதான். கறியில் இது தலைகீழாக நடக்கும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமுக்கு 120 கலோரி, சுட்டெடுத்த பிறகு 165. நெருப்பு அதற்குள் எந்தச் சத்தையும் ஊற்றவில்லை. நீர் வெளியேறிக் கறி சுருங்கியது. பொரியை இலேசான தின்பண்டம் என்கிறோம். எடைக்கு எடை அதுவும் அரிசியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், படிக்குப் படி அளந்தால்தான் பொரி இலேசு. சமையல் முறை கலோரியைக் கூட்டுமா, குறைக்குமா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் உலவுவதற்கு முதல் காரணம் இந்தத் தண்ணீர். நூறு கிராமுக்கான எண் மாறுவதைப் பார்த்து, உணவே மாறிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நமக்கு அதில் சொந்த உறவு உண்டு. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த அறை ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. அங்கிருந்துதான் 1937-இல் ஆய்க்ராய்ட் தொகுத்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணை வெளிவந்தது. 1958-இல் ஆய்வகம் ஐதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அந்த நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப்பொருள்கள் இருக்கின்றன, பெரும்பாலும் சமைக்காத நிலையில். சக்தியளவும் கலோரியில் இல்லை, கிலோஜூலில் இருக்கிறது, கலோரியாக்க 4.184-ஆல் வகுக்க வேண்டும். ஆக, அட்டவணையை நம்பிச் சாப்பிடுகிறவர் உலையில் போடும் முன் அரிசியை நிறுக்க வேண்டும். சித்திக்குச் சொல்லப்படாதது இந்த ஒன்றுதான்.

தண்ணீர் கணக்கைக் குழப்பும். எண்ணெய் கணக்கையே மாற்றிவிடும்.

ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு தேக்கரண்டியில் 40, ஒரு மேசைக்கரண்டியில் 120, ஒரு லிட்டரில் 8000-த்துக்கு மேல். நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் இந்தக் கணக்கில் ஒன்றே. இதயத்துக்கு எது நல்லது என்பது வேறு கேள்வி, அதற்கான பதிலை வைத்துக் கலோரிக்கு விலக்கு வாங்க முடியாது.

உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். அவித்தால் 100 கிராமுக்கு 87 கலோரி. விரல் நீளத்துக்கு நறுக்கிப் பொரித்தால் 312. மெல்லிய வறுவலாக்கினால் 536. கடைசி எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். 100 கிராம் வறுவலில் ஏறக்குறைய 35 கிராம் எண்ணெய், அதாவது 315 கலோரி. மீதி 220 கலோரி கிழங்கினுடையது. அதைத் தர 285 கிராம் பச்சைக் கிழங்கு வேண்டும். அந்த 285 கிராமையும் அவித்துத் தின்றிருந்தால் 220 கலோரியோடு வயிறு நிறைந்திருக்கும். தண்ணீர் போன இடத்தில் எண்ணெய் குடியேறியதால், கிழங்கைத் தின்கிறோம் என்று நினைத்துக் கொண்டு கிழங்கைவிட அதிகமாக எண்ணெயிலிருந்து சக்தி பெறுகிறோம்.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது? பொரியும்போது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் வாணலியில் குமிழி கொதித்துக்கொண்டிருக்கும்வரை உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த வேகத்தை எதிர்த்து எண்ணெய் ஆழமாக நுழைய முடியாது. வெளியே எடுத்ததும் சூடு இறங்குகிறது, உள்ளே ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. எண்ணெயின் பெரும்பகுதி ஏறுவது அந்தச் சில நொடிகளில். எனவே ஜல்லிக்கரண்டியில் அள்ளியதை அப்படியே தட்டில் கொட்டாமல், வாணலிக்கு மேலேயே பிடித்து இரண்டு உதறு உதறுவதில் அர்த்தம் இருக்கிறது. பலகாரம் சுடும் கைகள் காலங்காலமாகச் செய்துவருவதுதான் இது. எண்ணெய் நன்றாகக் காயும்முன் போட்டால் பண்டம் அதிக நேரம் கிடந்து அதிகம் குடிக்கும். பலமுறை காய்ச்சிய எண்ணெய் கெட்டிப்பட்டு மேலே கூடுதலாக ஒட்டும். மெல்லிய சீவலுக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், அதனால் தடித்த துண்டைவிட அதிகம் ஏந்தும். கத்தரிக்காய் தனிப்பிறவி. அதன் சதை முழுக்கக் காற்றறைகள், எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். உப்புத் தடவிச் சற்று நேரம் வைத்தோ, முதலில் ஆவியில் வாட்டியோ அந்த அறைகளைத் தளர்த்திவிட்டு வதக்கினால் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பின் ருசியும் கெடாது, எண்ணெயும் பாதியாய்க் குறையும் என்பது என் அனுபவம்.

இத்தனைக்கும் நம் வீடுகளில் பொரித்த பண்டம் தினசரி உணவல்ல. தினசரி உணவு சாம்பார், பொரியல், கூட்டு, தோசை. அங்கே எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் சேர்கிறது. இட்லி ஆவியில் வேகிறது, மாவில் இருந்ததுதான் இட்லியிலும் இருக்கும். அதற்குமேல் மிளகாய்ப்பொடியில் குழைக்க இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் 80 கலோரி, ஒரு இட்லியைவிடக் கூடுதல். கல்லைச் சுற்றி ஊற்றும் எண்ணெய், தாளிப்புக்கு ஒரு குழிக்கரண்டி, பொரியலுக்கு மறுபடி ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் தந்த மாதிரித் தட்டு, 2000 கலோரி உண்பவருக்கு நாள் முழுக்க 27 கிராம் எண்ணெயோ கொழுப்போ என்கிறது. ஆறு தேக்கரண்டி. நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டருக்குள் முடிய வேண்டும். மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் எந்த ஆய்வகமும் இல்லாமலே நம் வீட்டுச் சமையலின் கலோரி தெரிந்துவிடும். சித்திக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஓர் அளவுத் தேக்கரண்டி. ஐந்து மில்லிலிட்டர் பிடிக்கும். அதை எண்ணெய்த் தூக்கிலேயே கட்டித் தொங்கவிட்டோம்.

2010-இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமாகி இப்போது நம் ஊர்களிலும் விற்கும் ஏர் ஃபிரையரில் மாயம் ஒன்றும் இல்லை. அது சுழலும் சூடான காற்றில் வாட்டும் சின்ன அடுப்பு. எண்ணெயில் முக்குவதற்குப் பதில் தடவுகிறோம், அதனால் கலோரி குறைகிறது. அப்பளத்தைத் தணலில் சுடுவதும் அதே கணக்குதான்.

சமைக்கும்போது சக்தி வெளியேறுவதும் உண்டு, அது சிறிது. கொழுப்புள்ள ஆட்டுக்கறியைக் கம்பியில் சுட்டால் கொழுப்பு உருகிச் சொட்டும்; மெலிந்த கோழிக்கறியில் சொட்ட எதுவும் இல்லை, அங்கே தோலை உரிப்பதுதான் வேலை செய்யும். கஞ்சியை வடித்தால் கொஞ்சம் மாவுச்சத்து வெளியேறுகிறது, கூடவே தண்ணீரில் கரையும் பி1 வைட்டமினும் போய்விடுகிறது. பெரிபெரி வருவது அந்த வைட்டமின் குறைவால். மக்காரிசன் குன்னூரில் தேடியது அந்த நோயின் காரணத்தைத்தான். கலோரிக்குப் பயந்து கஞ்சியைக் கொட்டுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை பேசியதெல்லாம் தட்டில் என்ன இருக்கிறது என்பது. தட்டில் இருப்பது அத்தனையும் உடம்பில் சேர்வதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், அட்டவணைகள் மௌனமாகிவிடும் பகுதியும் இதுதான்.

கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 என்ற கணக்கை நிறுவியவர் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், உணவை எரித்து வெப்பத்தை அளந்தார். சாப்பிட்டவர்களின் மலத்திலும் சிறுநீரிலும் எரியாமல் வெளியேறியதைக் கழித்தார். கவனமான உழைப்பு. ஆனால் அவர் எடுத்தது சராசரி. உணவு பச்சையா வெந்ததா, முழுசா அரைத்ததா என்பதை அந்த எண்கள் கேட்பதில்லை. குடல் கேட்கும்.

பச்சை முட்டை குடித்தால் பலம் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் சொல்கிறார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1998-இல் அளந்து பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் சிறுகுடலில் செரித்தது, பச்சை முட்டையில் 51. சூடு பட்டதும் புரதச் சுருள்கள் அவிழ்ந்து நொதிகளுக்கு வழிவிடுகின்றன. மாவுச்சத்திலும் இப்படித்தான். பச்சரிசியையோ பச்சைக் கிழங்கையோ மென்றால் மாவுமணிகள் இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கும். நீரோடு சேர்ந்து 60 முதல் 80 பாகை செல்சியஸ் சூடு ஏறும்போது அவை ஊதி வெடிக்கின்றன. நாம் வேக்காடு என்று சொல்வது இந்த வெடிப்பைத்தான்.

ஹார்வர்டின் ரேச்சல் கார்மடியும் ரிச்சர்ட் ராங்கமும் சகாக்களும் எலிகளுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் இறைச்சியையும் நான்கு விதமாகக் கொடுத்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள்: பச்சை முழுசு, பச்சை இடித்தது, வெந்த முழுசு, வெந்து இடித்தது. வெந்ததைத் தின்ற எலிகளின் எடை, பச்சையாகத் தின்றவற்றின் எடையைவிட நன்றாகத் தேறியது. வேகவைத்ததன் பலன் இடித்ததன் பலனைவிடப் பெரிது. மனிதன் மனிதனானதே நெருப்பில் சமைக்கத் தொடங்கியதால்தான் என்று ராங்கம் 2009-இல் ஒரு நூலில் வாதிட்டிருந்தார். அந்த முழு வாதத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஆதாரமான செரிமானக் கணக்கு உறுதியாக நிற்கிறது. செரிப்பதற்கும் உடம்பு செலவழிக்கிறது அல்லவா? 2007-இல் பர்மிய மலைப்பாம்புகளுக்கு இறைச்சி கொடுத்து அதை அளந்தார்கள். வேகவைத்துக் கொடுத்தால் செரிமானச் செலவு 12.7 சதவீதம் குறைந்தது, அரைத்துக் கொடுத்தால் 12.4, இரண்டும் செய்தால் 23.4. மெல்லாமல் விழுங்கும் பாம்புக்கு அம்மியும் அடுப்பும் உதவி செய்தால் அவ்வளவு மிச்சம்.

மனிதர்களிடம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது ஜெர்மனியின் கீசன் ஆய்வு. நெடுங்காலம் பச்சை உணவையே உண்டுவந்த 513 பேரிடம் விசாரித்து 1999-இல் எழுதினார்கள். ஆண்கள் சராசரியாக 9.9 கிலோவும் பெண்கள் 12 கிலோவும் இழந்திருந்தார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கிழந்தோ நின்றோ போயிருந்தது. எடை குறைவதை மட்டும் பார்த்து அடுப்பில்லாச் சமையலைப் பரப்புகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை மறைக்கக் கூடாது.

கொட்டைகளில் வேறுபாடு இன்னும் துலக்கம். 1980-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வில், வேர்க்கடலையை முழுசாகத் தின்றவர்களின் மலத்தில் கொழுப்பு 17.8 சதவீதம் வெளியேறியது. வெண்ணெய்போல் அரைத்ததைத் தின்றபோது 7, கடலெண்ணெயாகத் தந்தபோது 4.5. பாதாமில் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் அளந்தது 2016-இல் வந்தது: வறுக்காத முழுப் பாதாம் ஒரு கிராமுக்கு 4.42 கலோரி தருகிறது, வறுத்தது 4.86, நறுக்கியது 5.04, விழுதாக அரைத்தது 6.53. எண்ணெய் சேர்க்கவே இல்லை. பொருள் ஒன்றே. பல்லுக்குத் தப்பிய செல்சுவர்களுக்குள் கொழுப்பு பூட்டிக்கிடந்து வெளியேறிவிடுகிறது. வறுத்தால் சுவர் நொறுங்கும், அரைத்தால் திறந்தே விடும். பொட்டலத்தின் மேல் அச்சடித்த எண் கடைசி எண்ணுக்குத்தான் நெருக்கம். ஒரு கை அவித்த கடலையும் அதே கடலையில் அரைத்த சட்னியும் சமமல்ல என்று இனி தைரியமாகச் சொல்லலாம்.

பழைய சோற்றுக்கு வருகிறேன். சித்தி முதலில் கேட்டதும் அதைத்தான்: ‘ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா கலோரி பாதியாயிடுமாமே, நெசமாடா?’

சோறு ஆறும்போது வெடித்துப் பிரிந்த மாவுச் சங்கிலிகளில் ஒரு பகுதி மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொள்கிறது. அந்த அடுக்கைச் சிறுகுடல் நொதிகளால் எளிதில் உடைக்க முடியாது. 1982-இல் பிரிட்டனின் ஹான்ஸ் எங்லிஸ்டும் சகாக்களும் இப்படிச் செரிமானத்துக்கு ஒத்துழைக்காத மாவுக்குப் பெயர் சூட்டினார்கள். தமிழில் செரிமானத் தடை மாவு என்று சொல்லலாம். அது பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அப்போதும் கிராமுக்கு 2 கலோரி அளவில் நமக்குத் திரும்பி வருகிறது.

எவ்வளவு உண்டாகிறது என்பதுதான் கேள்வி. இந்தோனேசியாவில் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், புதிதாக வடித்த 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 0.64 கிராம், அறையில் பத்து மணி நேரம் ஆறவைத்ததில் 1.30 கிராம், குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரிகிறது. கிராமில் பார்த்தால் கூடியது ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராம் 4 கலோரிக்குப் பதில் 2 தருகிறது. ஆக, 130 கலோரியில் 2 குறைந்தது. தட்டு நிறைய 300 கிராம் சாப்பிட்டால் 6. தாளிப்பில் சிந்தும் எண்ணெய்கூட அதைவிட அதிகம்.

பாதியாகிவிடும் என்ற பேச்சு பரவியதற்கு மூலம் உண்டு. 2015 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் டென்வர் கூட்டத்தில், கொழும்பைச் சேர்ந்த மாணவர் சுதைர் ஜேம்ஸும் அவருடைய பேராசிரியரும் ஒரு முறையை முன்வைத்தார்கள். அரிசி எடையில் 3 சதவீதம் தேங்காயெண்ணெயைக் கொதிநீரில் விட்டு, அரிசியை வேகவைத்து, 12 மணி நேரம் குளிர்பெட்டியில் வைப்பது. தக்க ரகம் அமைந்தால் கலோரி 50 முதல் 60 சதவீதம்வரை குறையலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. அது ஆய்வகத்துச் சோற்றை வைத்துச் சொன்னது. மனிதர்களைச் சாப்பிடவைத்து நிறுவியதல்ல. செய்தியாகும்போது ‘குறையலாம்’ என்பது ‘குறையும்’ ஆகிவிட்டது.

இதனால் பழைய சோறு பொய் என்று ஆகாது. அதே இந்தோனேசிய ஆய்வில், குளிர்ந்து சூடான சோற்றைத் தின்றபின் இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. புளிப்பேறிய நீராகாரத்தின் குளிர்ச்சியும் குடலுக்கான நன்மையும் தனிக்கதை. சித்திக்கு நான் சொன்ன பதில்: பழையது சாப்பிடுங்கள், ஆனால் அளவைக் கூட்டாதீர்கள். தொட்டுக்கொள்ளப் பொரித்த மோர்மிளகாயும் வடகமும் ஒன்றிரண்டோடு நிற்கட்டும்.

போன மாதம் அதே சமையற்கட்டில் கேள்வி திசைமாறியது. சித்தியின் பேரனுக்கு ஒன்பது மாதம். எட்டு கிலோ. எடை தேறவில்லை என்று மருமகளுக்குக் கவலை. குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 கிராம் அளவில்தான் கொள்ளும், அதாவது இவனுக்கு 240 கிராம். கேழ்வரகுக் கூழ் நீர்க்க இருந்தால்தான் விழுங்குவான். பத்தில் ஒரு பங்கு மாவு போட்டுக் காய்ச்சினால் கிண்ணம் முழுதும் குடித்தாலும் 80 கலோரிதான். மாவைக் கூட்டினால் களியாகிவிடும். வெந்த மாவு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஊதுவதால் வரும் சிக்கல் இது: வயிறு நிறைகிறது, பிள்ளை பட்டினி கிடக்கிறான்.

இதற்கு வழி கேழ்வரகிலேயே இருக்கிறது. தானியம் முளைவிடும்போது மாவைத் துண்டாடும் அமைலேஸ் நொதி அதில் ஊறுகிறது. முளைகட்டி, உலர்த்தி, இளஞ்சூட்டில் மட்டும் வறுத்து அரைத்த மாவில் ஒரு தேக்கரண்டியை, கொதி அடங்கிய சூடான கெட்டிக் கூழில் கலந்தால் சில நிமிடங்களில் கூழ் இளகிப் பாயசம்போல் ஓடும். மாவை இரட்டிப்பாகப் போட்டும் குழந்தை விழுங்கும் பதம் கிடைக்கும். 1980-களில் பரோடாவில் தாரா கோபல்தாசும் மாணவிகளும் இதைத்தான் ஆராய்ந்து எளிய வீட்டு முறையாக்கினார்கள். கருக வறுத்துவிட்டால் நொதி செத்துவிடும்; கடையில் வாங்கும் சத்துமாவில் அது உயிரோடு இருக்குமா என்பதற்கு உறுதியில்லை, வீட்டில் செய்வதே மேல்.

சித்தி முளைகட்டக் கேழ்வரகை ஊறவைத்தார். அதுவரைக்கும் என்ன செய்வது என்று மருமகள் கேட்டாள். எண்ணெய்த் தூக்கில் தொங்கிய அளவுக் கரண்டியை அவிழ்த்துக் கழுவித் துடைத்து, நெய் ஒரு கரண்டி எடுத்து, பேரனின் கூழில் விட்டுக் கலக்கினார் சித்தி. 80 கலோரி இருந்த கிண்ணத்தில் அது 120 ஆனது.